யேல் பல்கலைக்கழகத்தை யேல் தொடங்கவில்லை

ஆகஸ்ட் மாதம் மெட்ராஸ் தினம் நெருங்கினால் ஒரு செய்தி தவறாமல் சுற்றுக்கு வரும். "செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல், நம்ம ஊரில் சம்பாதித்த பணத்தைக் கொண்டுபோய் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைக் கட்டினார்." சிலர் இதைப் பெருமையாகப் பகிர்கிறார்கள், சிலர் ஆத்திரத்தோடு பகிர்கிறார்கள். இரண்டு பேரும் கோட்டை விடும் இடம் ஒன்றுதான். எலிஹு யேல் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கவில்லை, கட்டவும் இல்லை. பாஸ்டனில் பிறந்து மூன்று வயதில் இங்கிலாந்துக்குப் போனவர், அதற்குப் பிறகு அமெரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை. அவர் நன்கொடையாக அனுப்பிய சரக்கு போய்ச் சேர்ந்தபோது, அந்தக் கல்விக்கூடம் தொடங்கி ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பணத்தில் மெட்ராஸ் இருக்கிறது என்பது மட்டும் உண்மை. எவ்வளவு, அது எதற்குப் போயிற்று என்பது அடுத்த கேள்வி.

தவறு எங்கே வருகிறது என்று பார்த்தால், ஒரு கல்லூரி என்றதும் நம் மனத்தில் ஒரே ஆள்தான் நிற்கிறார். நிலம் அவருடையது, பணம் அவருடையது, வாசலில் பெயரும் சிலையும் அவருடையது. பழைய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே நான்கு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அனுமதி கொடுத்தது யார்? நிர்வாகம் யார் கையில்? பணம் எப்படி வந்தது, எப்படி நிற்கிறது? பெயர் யாருடையது? யேல் விஷயத்தில் நான்குக்கும் நான்கு வேறு விடைகள்.

## பத்துப் பாதிரியார்களும் ஒரு சாசனமும்

1701 அக்டோபரில், இங்கிலாந்து மன்னருக்குக் கீழிருந்த கனெக்டிகட் காலனியின் சட்டமன்றம் நியூ ஹேவனில் கூடி ஒரு சட்டம் நிறைவேற்றியது. கலைகளிலும் அறிவியலிலும் இளைஞர்களைப் பயிற்றுவித்து, திருச்சபைக்கும் அரசுப் பணிக்கும் தகுதியாக்க ஒரு "கல்லூரிப் பள்ளி" நடத்தலாம் என்றது அந்தச் சட்டம். பொறுப்பு பத்துப் பாதிரியார்களிடம் ஒப்படைக்கப்பட்டது. எல்லாரும் காங்கிரிகேஷனல் என்ற பியூரிட்டன் சபையைச் சேர்ந்தவர்கள்; அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் வழிமுறைகளை ஏற்காத, கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர். ஏறக்குறைய அத்தனை பேரும் ஹார்வர்டில் படித்தவர்கள்.

இந்தச் சட்டம்தான் யேலின் முதல் சாசனம். சாசனம் என்றால், இப்படி ஓர் அமைப்பு இருக்கலாம், இன்னார் நடத்தலாம், இன்னின்ன செய்யலாம் என்று அரசு எழுதிக் கொடுக்கும் அதிகார ஆவணம். 1701 சாசனத்தில் இருந்தவை நடைமுறைக்கான விஷயங்கள். ஆசிரியர்களை வைக்கவும் நீக்கவும் உரிமை. பட்டம் அல்லது சான்றிதழ் வழங்க உரிமை. ஆண்டுக்கு 500 பவுண்டுக்கு மேற்படாத வருமானம் தரும் சொத்து வைத்துக்கொள்ள உரிமை. நடத்துபவர்களின் எண்ணிக்கை பதினொன்றுக்கு மேல் போகக் கூடாது, ஏழுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஒவ்வொருவரும் அந்தக் காலனியிலேயே வசிக்கும், நாற்பது வயது கடந்த பாதிரியாராக இருக்க வேண்டும். இத்தோடு ஆண்டுக்கு 120 பவுண்டு மானியம். ரொக்கமாக வருகிற பணம் அன்று. தானியம் முதலான விளைபொருளை அரசு நிர்ணயித்த விலையில் கணக்கிட்டுத் தருவது. கடையில் அதன் மதிப்பு கணக்கில் இருப்பதைவிட நன்றாகவே குறையும்.

ஏற்கெனவே ஹார்வர்ட் 1636-இல் தொடங்கியிருந்தது, வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி 1693-இல். மூன்றாவதாக ஒன்று எதற்கு? கனெக்டிகட் பிள்ளைகளுக்கு ஹார்வர்ட் தொலைவு, செலவும் அதிகம். அதைவிட, ஹார்வர்டில் பழைய பியூரிட்டன் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது என்ற கவலை இந்தப் பாதிரியார்களுக்கு இருந்தது.

பெயரைப் பாருங்கள்: "கல்லூரி" என்று வைக்காமல் "கல்லூரிப் பள்ளி". தலைவருக்குக்கூட பிரசிடென்ட் என்ற பட்டம் கிடையாது, ரெக்டர்தான். இது அடக்கத்தால் வந்ததன்று, பயத்தால் வந்தது. கனெக்டிகட்டே மன்னரின் சாசனத்தில் நிற்கும் காலனி. அது தன் பங்குக்குப் பெரிய சட்ட அமைப்பு ஒன்றை உருவாக்கியது என்று லண்டனில் யாராவது கேள்வி எழுப்பினால், காலனியின் சொந்தச் சாசனத்துக்கே ஆபத்து. சட்ட வரைவை எழுதிக்கொடுத்த பாஸ்டன்காரர்கள் சாமுவேல் சூவலும் ஐசக் ஆடிங்டனும், காற்றையும் மழையையும் தாங்கி நிற்கட்டும் என்று வேண்டுமென்றேதான் இவ்வளவு தாழ்ந்த பெயரைக் கொடுத்தோம் என்று வெளிப்படையாகவே எழுதினார்கள்.

சாசனம் என்ற இந்த ஏற்பாடு மெட்ராஸுக்கும் புதிதில்லை. சென்னை மாநகராட்சியே 1687 டிசம்பர் 30 தேதியிட்ட ஒரு சாசனத்தால் உருவாகி, 1688 செப்டம்பர் 29-இல் செயல்படத் தொடங்கியதுதான். அன்று கவர்னர் எலிஹு யேல். முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன், கனெக்டிகட்டின் கில்ஃபர்டில் பிறந்து ஹார்வர்டில் படித்தவர். 1692-இல் யேலுக்கு அடுத்த கவர்னரும் அவரே. கனெக்டிகட்டுக்கும் மெட்ராஸுக்கும் இருக்கும் நிஜமான தொடர்பைத் தேடுபவர்கள் யேலைவிட ஹிக்கின்சனைப் பிடிக்கலாம்.

இதுவரை பார்த்ததில் முதல் கேள்விக்கு விடை வந்துவிட்டது. அனுமதி கொடுத்தது கனெக்டிகட் சட்டமன்றம், ஆண்டு 1701. நிறுவியவர்கள் பத்துப் பாதிரியார்கள். யேலின் பெயர் இன்னும் எங்கும் வரவில்லை.

## ஊர் இல்லாத பள்ளி

சாசனம் வந்தது, கட்டடம் வரவில்லை. முதல் ரெக்டர் ஆபிரகாம் பியர்சன் கில்லிங்வொர்த் என்ற ஊரில் பாதிரியார். அந்த இடம் இன்று கிளின்டன். சபையார் அவரை விட மறுத்ததால், மாணவர்கள் அவர் வீட்டுக்கே போய்ப் படித்தார்கள். முதல் மாணவர் ஜேக்கப் ஹெமிங்வே, 1702-இல் சேர்ந்தார். 1707-இல் பியர்சன் இறந்ததும் பள்ளி சிதறியது. சிலர் மில்ஃபர்டில், மற்றவர்கள் சேப்ரூக்கில்.

எந்த ஊரில் நிரந்தரமாக வைப்பது என்பதில் அறங்காவலர்களுக்குள் பல ஆண்டுச் சண்டை. 1716-இல் பெரும்பான்மை நியூ ஹேவன் என்று முடிவெடுத்தது. ஹார்ட்ஃபர்ட் பக்கத்துக்காரர்கள் ஏற்கவில்லை. வெதர்ஸ்ஃபீல்டில் போட்டி வகுப்பு நடத்தினார்கள், 1718-இல் போட்டிப் பட்டமளிப்பு விழாவே நடத்தினார்கள். அதே ஆண்டு இறுதியில், சேப்ரூக்கில் இருந்த நூலகத்தை எடுத்துவர ஆள் அனுப்பியபோது ஊரார் கதவை அடைத்துக்கொண்டார்கள். ஷெரிஃப் வந்து புத்தகங்களைக் கைப்பற்றினார். ராத்திரியோடு ராத்திரியாக மாட்டு வண்டிகள் உடைக்கப்பட்டன, வழியில் பாலங்கள் பிய்க்கப்பட்டன. புத்தகங்கள் நியூ ஹேவன் வந்து சேர்ந்தபோது இருநூறுக்கும் மேல் காணவில்லை.

அந்தப் புத்தகங்கள் வந்த கதையும் தெரிந்திருக்க வேண்டியது. லண்டனில் கனெக்டிகட்டின் பிரதிநிதியாக இருந்தவர் ஜெரமையா டம்மர். வீடு வீடாக, ஆள் ஆளாகக் கேட்டு எண்ணூறு தொகுதிகள் அளவுக்குத் திரட்டி 1714 வாக்கில் அனுப்பினார். கொடுத்தவர்களில் ஐசக் நியூட்டனும் ஒருவர். எலிஹு யேலும் சில டஜன் புத்தகங்கள் கொடுத்தார்.

இந்தத் தானம் பள்ளிக்கே வினையாக வந்தது தனி வேடிக்கை. புத்தகங்களில் ஆங்கிலிக்கன் இறையியல், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் இறையியல் நிறைய. அதைப் படித்துப் படித்து ரெக்டர் டிமத்தி கட்லரின் மனம் மாறிவிட்டது. பியூரிட்டன் கட்டுப்பாட்டைக் காப்பாற்றத் தொடங்கிய பள்ளியின் தலைவரே 1722-இல் இங்கிலாந்துத் திருச்சபைப் பக்கம் போவதாக அறிவித்தார். அறங்காவலர்கள் அவரை நீக்கினார்கள். இனி வேலைக்கு வருபவர் எவரும் காங்கிரிகேஷனல் கொள்கையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும் என்று விதியும் போட்டார்கள்.

## ஒன்பது மூட்டைச் சரக்கு

பெயருக்கு வருவோம். 1717-இல் நியூ ஹேவனில் கட்டடம் எழும்பத் தொடங்கியது, பணம் தீர்ந்துபோனது. அறங்காவலர்கள் பார்வை லண்டனில் ஓய்வில் இருந்த பணக்காரர் யேல் மீது விழுந்தது. சும்மா விழவில்லை. யேலின் பாட்டி இரண்டாவதாக மணந்தவர் தியோஃபிலஸ் ஈட்டன், நியூ ஹேவன் காலனியின் முதல் கவர்னர். குடும்பத் தொடர்பு இருந்தது. மகன் இறந்துவிட்டான், சொத்துக்கு வாரிசு தேடுகிறார் என்று டம்மர் முன்பே ஊருக்கு எழுதியிருந்தார்.

1718 ஜனவரியில் பாஸ்டன் பாதிரியார் காட்டன் மேதர் யேலுக்கு ஒரு கடிதம் எழுதினார். கட்டிக்கொண்டிருக்கும் கல்லூரிக்கு உங்கள் பெயரை வைக்கலாம், பிள்ளைகள் இருந்து பெயர் சொல்வதைவிட அது மேல் என்ற பொருளில் நயமாகச் சொல்லியிருந்தார். மேதருக்கு ஹார்வர்டோடு மனத்தாங்கல் இருந்தது; எதிர்ப்பக்கம் ஒரு கல்லூரி வளர்வதில் அவருக்கும் விருப்பம்தான். யேலுக்கோ தயக்கம். அவர் ஆங்கிலிக்கன், கல்லூரி மாற்றுச் சபையினருடையது. டம்மர் பேசிப் பேசித்தான் சம்மதிக்க வைத்தார்.

வந்து சேர்ந்தது: ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியம், அரச இலச்சினை. மூட்டைகளில் மஸ்லின், காலிகோ, பாப்ளின், கிரேப் என்று பெரும்பாலும் துணிகள். பணமாக எதுவும் வரவில்லை. துணிகளை பாஸ்டனில் விற்றதில் கிடைத்தது 562 பவுண்டு 12 ஷில்லிங்.

அந்தத் தொகையில் கட்டடம் முடிந்தது: நீளமான மூன்று மாடி மரக் கட்டடம், வெளியே வான நீல வண்ணம். 1718 செப்டம்பர் பட்டமளிப்பு விழாவில் அதற்கு "யேல் கல்லூரி" என்று பெயர் சூட்டினார்கள். பெயர் முதலில் கட்டடத்துக்குத்தான். போகப்போக நிறுவனத்துக்கே ஒட்டிக்கொண்டது. அந்தக் கட்டடம் இன்று இல்லை.

562 பவுண்டு பெரிதா சிறிதா? காலனி தந்த 120 பவுண்டு மானியத்தோடு வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்தாண்டு மானியம். மானியம் தானியக் கணக்கு என்பதால் நிஜ மதிப்பில் இன்னும் அதிகம். திண்டாடிக்கொண்டிருந்த சின்னப் பள்ளிக்கு அது உயிர் கொடுத்த தொகை. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவும் தொகை அன்று. மேலும் வரும் என்று எதிர்பார்த்தார்கள். 1721 ஜூலையில் யேல் முறையான உயில் இல்லாமல் இறந்தார். எதிர்பார்த்த பெரிய சொத்து வரவில்லை. அவர் சேர்த்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான ஓவியங்களும் நகைகளும் சாமான்களும் லண்டனில் ஏலத்துக்குப் போயின.

பெயர் வைக்கும் இந்த வழக்கம் யேலோடு தொடங்கியதும் அன்று. ஹார்வர்டை 1636-இல் நிறுவியது மாசசூசெட்ஸ் காலனிச் சட்டமன்றம். ஜான் ஹார்வர்ட் என்ற இளம் பாதிரியார் 1638-இல் இறக்கும்போது சொத்தில் பாதியையும் சுமார் நானூறு புத்தகங்களையும் விட்டுப்போனார்; மறு ஆண்டு அவர் பெயரைச் சூட்டினார்கள். அவர் சிலையின் அடியில் "நிறுவியவர்" என்று பொறித்திருக்கிறது. அதுவும் தவறுதான்.

சுருக்கமாக, பெயர் கொடுத்தவர் யேல். கொடுத்தது துணியும் புத்தகமும். அதற்கு ஈடாகக் கிடைத்தது ஒரு கட்டடத்தின் பெயர்.

## அந்தத் துணி எந்தப் பணத்தில் வாங்கியது?

யேல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக 1672-இல் மெட்ராஸ் வந்தார். எழுத்தர் சம்பளம் ஆண்டுக்கு 10 பவுண்டு. 1687 முதல் 1692 வரை கவர்னர். அப்போதும் சம்பளம் சில நூறு பவுண்டுதான். சம்பளத்தை மட்டும் சேர்த்து வைத்திருந்தால் அவர் பெயரை இன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

செல்வம் வந்தது தனி வியாபாரத்தில். ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான வர்த்தகத்தைக் கம்பெனி தன்னிடம் வைத்துக்கொண்டு, ஆசியத் துறைமுகங்களுக்குள் ஊழியர்கள் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்ய விட்டிருந்தது. கோல்கொண்டா வைரம், துணி, கப்பல் பங்கு எல்லாவற்றிலும் யேல் இருந்தார். 1680 நவம்பர் 4-இல், திறந்து ஒரு வாரமே ஆன கோட்டை செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில், வசதியான கம்பெனி அதிகாரியின் விதவை கேத்தரின் ஹின்மர்ஸை மணந்தார். அந்தத் தேவாலயப் பதிவேட்டின் முதல் திருமணம் இதுதான். கம்பெனிப் பணியையும் சொந்த வியாபாரத்தையும் கலந்துவிட்டார் என்று சக அதிகாரிகளே புகார் அனுப்ப, 1692-இல் பதவி போனது. கணக்கு வழக்கு முடிய 1699 வரை மெட்ராஸை விட்டு நகர முடியவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பஞ்சமும் போருமாக இருந்த 1680-களில் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ஐரோப்பா செல்லும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற உத்தரவு, யேல் இடம்பெற்ற கோட்டை ஆலோசனைக் குழுவின் பதிவேட்டில் இருக்கிறது. கோல்கொண்டா முகலாயர் கைக்குப் போய் எதிர்ப்பு வந்தபின், 1688-இல் அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் அவர் தலைமையிலான குழுவே. இந்த இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை அடிமை ஒழிப்பாளராக்கிய கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றை நம்ப வேண்டாம். பிற்காலத்தில் லண்டனில் வரைந்த ஓர் ஓவியத்தில் யேல் குடும்பத்தாரோடு மேசையருகே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கழுத்தில் உலோகப் பட்டை பூட்டிய ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். ஓவியம் இப்போது யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில்.

ஆக, 1718-இல் போன துணி மூட்டைகளுக்குப் பின்னால் மெட்ராஸ் சம்பாத்தியம் இருக்கிறது. அது மறுக்க முடியாதது. அது வாங்கித் தந்தது ஒரு மரக் கட்டடத்தின் மீதிப் பாதியை.

## பல்கலைக்கழகத்தைத் தாங்கும் பணம்: நிலைநிதி

யேலின் இன்றைய செல்வம் வேறு வகை. 2024 ஜூன் கணக்கில் 41.4 பில்லியன் டாலர், அதாவது 4,140 கோடி டாலர். "இவ்வளவு வைத்துக்கொண்டு ஏன் கட்டணம் வாங்குகிறார்கள்?" என்று கேட்பவர்கள் இதை வங்கிக் கணக்காக நினைக்கிறார்கள். இதன் பெயர் நிலைநிதி: முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவழிக்கும் நிபந்தனையோடு வந்த தானங்களின் தொகுப்பு.

சோழர் கல்வெட்டுகளைப் புரட்டியவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு கொடுப்பார்கள். ஆட்டைக் கோயில் வைத்துக்கொள்ளாது; இடையரிடம் ஒப்படைக்கும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும். கணக்கில் ஆடு எப்போதும் 96. அதனால்தான் கல்வெட்டில் "சாவா மூவாப் பேராடு". நெய் செலவழிக்க, ஆடு நிற்க. ஆட்டை அடித்துச் சாப்பிட்டால் அன்றைக்கு விருந்து, மறுநாள் முதல் விளக்கு இருட்டு. ஒரு விளக்குக்குக் கொடுத்த ஆட்டின் நெய்யை மடைப்பள்ளிக்குத் திருப்பவும் கூடாது.

இந்த வகையில் யேலின் முன்னோடித் தானங்களில் ஒன்றைக் கொடுத்தவர் தத்துவ அறிஞர் ஜார்ஜ் பெர்க்லி. 1732-இல் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் இருந்த தன் 96 ஏக்கர் பண்ணையைக் கல்லூரிக்கு எழுதி வைத்தார். (எண் ஒத்துப்போவது தற்செயல்.) பண்ணையை விற்கக் கூடாது, குத்தகைப் பணத்தில், லத்தீன் கிரேக்கத் தேர்வில் முதலாவது வருபவர்கள் பட்டம் பெற்றபின் மேலே படிக்க உதவித்தொகை. எலிஹு யேலின் தானம் ஒரே கட்டடத்தில் கரைந்தது. பெர்க்லியின் தானம் ஆண்டுதோறும் மாணவர்களை உருவாக்கியது. பெர்க்லியும் அந்தப் பண்ணையில் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிலைநிதியில் என்ன கோளாறு வரலாம் என்பதற்கும் அந்தப் பண்ணையே உதாரணம். கல்லூரி 1762-இல் அதை 999 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது, வாடகை நிலையானது. நிலம் கைவிட்டுப் போகவில்லை, ஆனால் விலைவாசி ஏற ஏற வாடகை தேய்ந்துகொண்டே போயிற்று. முதலைக் காப்பாற்றினால் போதாது, வருமானம் விலைவாசியோடு ஓட வேண்டும்.

இன்று அந்தச் சிக்கலை ஒரு விதியால் சமாளிக்கிறார்கள். செலவு விதி என்று பெயர்: இந்த ஆண்டு நிதியிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கான சூத்திரம். யேலின் சூத்திரம் இரண்டு பங்கு கொண்டது. போன ஆண்டு எடுத்த தொகையில் 80 சதவீதம் (விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்து), அதோடு நிதியின் சந்தை மதிப்பில் 5.25 சதவீதத்தை எடுத்து அதில் 20 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டால் பயன் தெரியும். நிதி 100 கோடி ரூபாய், போன ஆண்டு எடுத்தது 5 கோடி என்று வையுங்கள்; விலைவாசியை இப்போதைக்கு மறந்துவிடுவோம். சந்தை சரிந்து நிதி 75 கோடி ஆகிறது. நேரடியாக 5.25 சதவீதம் எடுத்தால் 3.94 கோடி, ஒரே ஆண்டில் ஒரு கோடிக்கு மேல் வெட்டு, அத்தனை ஆசிரியர் சம்பளமும் ஆடும். சூத்திரப்படி 5 கோடியில் 80 சதவீதம் 4 கோடி, 75 கோடியின் 5.25 சதவீதத்தில் 20 சதவீதம் 0.79 கோடி, மொத்தம் 4.79 கோடி. அடி விழுகிறது, ஆனால் பல ஆண்டுகளுக்குப் பரவி விழுகிறது. சந்தை கிடுகிடுவென ஏறும் ஆண்டிலும் இதே கடிவாளம்தான். அதனால்தான் நிதி உயர்ந்த மறுநாளே கட்டணம் குறைவதில்லை.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. 2008-09 நெருக்கடியில் யேல் நிதி 22.9 பில்லியனிலிருந்து 16.3 பில்லியன் டாலராக விழுந்தது. 1985 முதல் 2021 வரை நிதியை நிர்வகித்த டேவிட் ஸ்வென்சன், பங்கு, கடன் பத்திரம் என்ற வழக்கத்தை விட்டு, தனியார் நிறுவன முதலீடு, காடு, நிலம் என்று எளிதில் விற்க முடியாதவற்றில் பெரும்பகுதியைப் போட்டவர். நீண்ட காலத்தில் அது அமோகமாக விளைந்தது. சுமார் ஒரு பில்லியனில் தொடங்கிய நிதி அவர் காலத்தில் 31 பில்லியனைத் தாண்டியது. அவசரத்துக்குக் காசாக்க முடியாது என்பது அதன் மறுபக்கம். பார்த்துவிட்டு அதே பாணியைக் காப்பியடித்த சிறிய கல்லூரிகளுக்கு அந்த மறுபக்கம்தான் அதிகம் கிடைத்தது.

இன்னொன்று: இது ஒரே குடமன்று. ஆயிரக்கணக்கான தனித்தனித் தானங்கள், பெரும்பாலானவற்றுக்கு நிபந்தனை உண்டு. இந்தத் துறைப் பேராசிரியருக்கு, அந்த மாநில மாணவருக்கு என்று கொடுத்ததை வேறு செலவுக்கு மாற்றினால் நீதிமன்றம் வரை போகும். யேலின் ஆண்டு வருவாயில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நிலைநிதியிலிருந்து வருகிறது. மீதி கட்டணம், ஆராய்ச்சி மானியம், மருத்துவ வருமானம் வழியாக.

## பத்து நாற்காலிகள்

கடைசியாக நிர்வாகம். 1745-இல் தாமஸ் கிளாப் தலைவராக இருந்தபோது புதிய சாசனம் வந்தது. பள்ளி அப்போது முறையான கார்ப்பரேஷன் ஆனது. அதாவது சட்டத்தின் கண்ணில் அது தனி நபர்: சொத்து வாங்கலாம், வழக்குத் தொடுக்கலாம், உறுப்பினர்கள் இறந்தாலும் அது சாகாது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம், இடம் காலியானால் மீதி அறங்காவலர்களே அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பது. நிறுவியவரின் மகனுக்குப் போகாது, அரசு நியமிக்காது, உரிமையாளர் என்று எவரும் கிடையாது. 1701-இன் பத்துப் பேரிலிருந்து இன்றுவரை அந்தச் சங்கிலி அறுபடவில்லை. இன்றைய குழுவில் 19 பேர்: பல்கலைக்கழகத் தலைவர், இப்படித் தேர்ந்தெடுக்கப்படும் பத்து பேர், பழைய மாணவர்கள் வாக்களித்து அனுப்பும் ஆறு பேர், கனெக்டிகட் கவர்னர், துணைக் கவர்னர். மாநிலம் பண உதவி செய்ததற்கு ஈடாக 1792-இல் அரசுப் பிரதிநிதிகள் உள்ளே வந்தார்கள். 1870-களில் அவர்களில் ஆறு இடங்கள் பழைய மாணவர்களுக்கு மாறின.

மாநிலம் நினைத்தால் இதைக் கலைத்துவிட முடியாதா? நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் டார்ட்மவுத் கல்லூரியில் அதை முயன்றது; சாசனத்தைத் திருத்திக் கல்லூரியை அரசுடையதாக்கப் பார்த்தது. 1819-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சாசனம் என்பது ஒப்பந்தம், ஒரு தரப்பு மட்டும் மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. தனியார் பல்கலைக்கழகங்கள் அங்கே இவ்வளவு தன்னிச்சையாக இயங்குவதற்கு இந்தத் தீர்ப்பு முக்கியக் காரணம். வரி போடுவதை இது தடுக்காது: நிலைநிதியின் முதலீட்டு வருமானத்துக்கு 2017 சட்டம் 1.4 சதவீத வரி விதித்தது. 2025 சட்டம் பெரிய நிதிகளுக்கு அதை 8 சதவீதம் வரை உயர்த்தியது.

நான்கு கேள்விக்கும் விடை ஆயிற்று. அனுமதி சட்டமன்றத்தினுடையது, நிர்வாகம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் குழுவினுடையது, பணம் பல்லாயிரம் தானங்களினுடையது, பெயர் மட்டும் எலிஹுவினுடையது.

## மிச்சம் என்ன?

கல்வியில் யேல் விட்ட தடம் பெரிது. அமெரிக்காவின் முதல் பி.எச்டி. பட்டங்கள் மூன்றும் 1861-இல் அங்கேதான் வழங்கப்பட்டன. 1876-இல் எட்வர்ட் புஷே இயற்பியலில் பி.எச்டி. பெற்றார், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர். 1887-இல் பெயர் யேல் பல்கலைக்கழகம் ஆனது. இளங்கலை வகுப்பில் பெண்களைச் சேர்க்க 1969 வரை ஆயிற்று. இவ்வளவு தாமதத்துக்கு நியாயம் சொல்ல முடியாது.

பெயரின் கணக்கையும் பல்கலைக்கழகம் எடுக்கத் தொடங்கியிருக்கிறது. அடிமை முறையைத் தூக்கிப்பிடித்த ஜான் கால்ஹூனின் பெயரைத் தாங்கிய விடுதிக் கல்லூரிக்கு 2017-இல் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பரின் பெயர் வந்தது. வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் தலைமையிலான ஆய்வுக்குப் பின், 2024 பிப்ரவரியில் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. வளாகத்தின் மிகப் பழைய கட்டடமான கனெக்டிகட் ஹாலைக் கட்டியதில் அடிமைகளின் உழைப்பு இருந்தது என்பதும் அந்த ஆய்வில் விரிவாக வந்தது. எலிஹுவின் பெயரை மாற்றுவீர்களா என்ற கேள்வி அவ்வப்போது எழுகிறது, மாற்றவில்லை.

சென்னையில் அவர் விட்டுப்போன அடையாளங்களில் ஒன்று, பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் ஒரு கூர்ங்கோபுரக் கல்லறை. மனைவியின் முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸும், யேலின் சிறு வயது மகன் டேவிட்டும் அங்கே அடக்கம். 2023-இல் அதை இடம் மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வந்ததும் மேல்முறையீட்டுக்குப் போனதும் செய்திகளில் வந்தன. அதை எலிஹு யேலின் சமாதி என்று எழுதிய பத்திரிகைகளும் உண்டு. அவர் அடக்கமானது வேல்ஸில், ரெக்ஸம் நகரின் செயின்ட் கைல்ஸ் தேவாலய முற்றத்தில். அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பாவில் வளர்ந்து, ஆப்பிரிக்காவில் பயணம் செய்து, ஆசியாவில் மணந்தவர் என்று கல்லறை வாசகம் தொடங்குகிறது.

கடலூரில் இன்னொன்று. செயின்ட் டேவிட் கோட்டையை 1690-இல் கம்பெனி மராத்தியரிடமிருந்து வாங்கியது யேல் காலத்தில்தான். பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் விற்பனையில் சேர்த்தி என்று பேச்சு. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இதையும் பல்கலைக்கழகத்தையும் முடிச்சுப் போட்டு வரும் செய்திகளுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. யேல் பூட்டும் இந்தக் கதையில் வராது. அதைச் செய்த லைனஸ் யேல் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கைவினைஞர்.